லீவு லெட்டர் யாருக்கு எழுதுவது?



செமஸ்டர் முடிந்து வீட்டில் சும்மா இருக்கும்போதுதான் இந்த மாதிரி யோசனை எல்லாம் வருகிறது. போன தடவை ஜி.எஸ்.டி பற்றி எழுதி உங்களைத் தூங்க வைத்தேன். இந்தத் தடவை லீவு பற்றி. லீவில் உட்கார்ந்து லீவு பற்றி எழுதுவது பொருத்தம்தானே!

நம்மில் யாரும் முதலில் எழுதிப் பழகிய கடிதம் காதல் கடிதம் இல்லை, லீவு லெட்டர்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், "எனக்குக் கடும் காய்ச்சல் காரணமாக இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்", கடைசியில் "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்". காய்ச்சல் பொய்யாக இருக்கலாம், கீழ்ப்படிதல் அதைவிடப் பெரிய பொய்யாக இருக்கலாம். ஆனால் கடிதத்தின் அமைப்பு மாறாது. அப்புறம் கல்லூரிக்கு வந்தோம். 75 சதவீத அட்டெண்டன்ஸ், ஓ.டி, மெடிக்கல் சர்டிபிகேட், பின் பெஞ்சிலிருந்து ப்ராக்ஸி. லீவு எடுப்பதில் நம் வகுப்புக்கு டாக்டர் பட்டமே கொடுக்கலாம்.

இதைப் பற்றி எழுதத் தூண்டியது என்னோடு பிளஸ் டூ படித்த ஒரு தோழி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்றாள். விழுப்புரம் மாவட்டத்தில் ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டாவது அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அவள் தொடர்ச்சியாகப் பதினோரு நாள் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது லீவு லெட்டரில் "காய்ச்சல்" என்று எழுதியிருந்தாள். நாங்களும் நம்பினோம். போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் உண்மையைச் சொன்னாள். காய்ச்சல் அவளுக்கு இல்லை, அவள் அம்மாவுக்கு. டெங்கு. அம்மா ஒப்பந்தத்தில் வேலை செய்யும் தூய்மைப் பணியாளர். வரவில்லை என்றால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். நாலு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்ற பயம்தான் பெரியது. அதனால் காலை ஐந்தரை மணிக்கு அம்மாவின் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அவள் போய் அம்மாவின் தெருக்களைக் கூட்டியிருக்கிறாள். மேஸ்திரிக்குத் தெரியும். பாவம் என்று கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார். ரிஜிஸ்டரில் அம்மாவின் பெயருக்கு நேராக வருகை விழுந்துகொண்டே இருந்தது.

"நீங்க எல்லாம் காலேஜ்ல ப்ராக்ஸி போடறீங்க. நான் ஸ்கூல்லயே எங்கம்மாவுக்கு ப்ராக்ஸி போட்டவ" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒரு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். அதற்கு அவள் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவின் தலைப்பு. "யாருக்கு எழுதறது? மேஸ்திரிக்கா, காண்ட்ராக்டருக்கா, ஈ.ஓ.வுக்கா?"

பெறுநர் என்ற இடத்தில் எழுத ஒரு பெயர் இல்லை. எனக்குத் தெரிந்து பிரச்சினை மொத்தமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நிரந்தரம் என்றால்

முதலில் இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் நிரந்தரப் பணியிடத்தில் இருப்பவர்களுக்கு ஏறக்குறைய அரசு ஊழியர்களுக்கான விடுப்பு விதிகளேதான். வருடத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள். ஈட்டிய விடுப்பு 30 நாள். ஜனவரியில் 15, ஜூலையில் 15 என்று கணக்கில் வரவு வைப்பார்கள். எடுக்காமல் சேர்த்தால் 240 நாள் வரை சேரும், ஓய்வு பெறும்போது அது காசாகும். மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் விடுப்பு தனி. மத விடுப்பு மூன்று நாள் தனி. மகப்பேறு விடுப்பு 2011இல் ஆறு மாதமானது, 2016இல் ஒன்பது மாதமானது, 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாதம். இதில் தமிழ்நாடு மற்ற மாநிலங்களுக்கு முன்னோடி என்று நாம் பெருமைப்படலாம், தப்பில்லை.

ஈட்டிய விடுப்பில் 15 நாளை அரசிடமே "சரண்டர்" செய்து பணமாக வாங்கும் வசதியும் உண்டு. கொரோனா வந்ததும் 2020 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். ஊழியர் சங்கங்கள் ஐந்து வருடம் விடாமல் கேட்டன. 2025 அக்டோபர் 1 முதல் அது திரும்பி வந்தது.

இதையெல்லாம் படித்ததும் "அரசாங்க ஆபீஸ் ஆளுங்களுக்கு லீவுக்கு மேல லீவு" என்று சொல்லத் தோன்றும். எங்கள் வீட்டில் அப்பாவின் நிரந்தரக் கட்சியும் அதுதான். டிசம்பர் மாதம் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பாதி நாற்காலி காலியாக இருக்கும். தற்செயல் விடுப்பு அந்த ஆண்டோடு காலாவதியாகிவிடும் அல்லவா? அதனால் "தற்செயல்" எல்லாம் வருடா வருடம் டிசம்பரில் சொல்லிவைத்த மாதிரி வரும் :-)

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த நிரந்தர ஊழியர்களுக்கும்கூட விடுப்பு என்பது விதிப்படி உரிமை கிடையாது. அடிப்படை விதிகள் 67 என்ன சொல்கிறது என்றால், விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, வேலையின் அவசரத்தைப் பொறுத்து அதிகாரி மறுக்கலாம். அப்படி இருந்தும் அவர்களுக்கு விடுப்பு கிடைக்கிறதே, எப்படி? அவர்களுக்கு ஒரு விடுப்புக் கணக்கு இருக்கிறது, ஒரு விண்ணப்பம் இருக்கிறது, அதில் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி இருக்கிறார். மறுத்தால் ஏன் என்று கேட்க சங்கம் இருக்கிறது. ஆக, விடுப்பைக் கொடுப்பது வெறும் விதி இல்லை, இந்த ஏற்பாடு. தோழியின் அம்மாவுக்கு இல்லாதது இந்த ஏற்பாடுதான்.

இரண்டு புத்தகம்

நம் ஊர் விடுப்பு விதிகள் வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. அடிப்படை விதிகள் 1922இல் வந்தவை. தமிழ்நாடு விடுப்பு விதிகள் என்று இன்றைக்கும் அரசாணைகளில் குறிப்பிடுவதன் ஆண்டு 1933.

அந்தக் காலத்து விடுப்பு முறையில் ஒரு விஷயம் என்னை நிறுத்திவைத்தது. ஒரே அரசாங்கம், ஆனால் இரண்டு விதமான விடுப்பு. சொந்த ஊர் ஐரோப்பாவில் உள்ள அதிகாரிகளுக்குத் தாராளமான "சிறப்பு விடுப்பு விதிகள்". கப்பல் ஏறி ஊருக்குப் போய்க் குடும்பத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டுமே! இங்கேயே பிறந்தவர்களுக்குச் "சாதாரண விடுப்பு விதிகள்". ஒரே அலுவலகம், ஒரே மேசை, இரண்டு புத்தகம். எந்தப் புத்தகம் உனக்கு என்பதைத் தீர்மானித்தது நீ செய்யும் வேலை இல்லை, நீ எங்கே பிறந்தாய் என்பது.

இன்றைக்கு நம் தெருவிலும் அதே மாதிரி இரண்டு புத்தகம்தான். ஒரே தெரு, ஒரே துடைப்பம், ஒரே குப்பை வண்டி. இந்தப் பக்கம் கூட்டுபவர் நிரந்தரம், அந்தப் பக்கம் கூட்டுபவர் ஒப்பந்தம். கொசு இரண்டு பேரையும் ஒரே மாதிரிதான் கடிக்கிறது. டெங்கு வந்தால் ஒருவருக்கு மருத்துவ விடுப்பு, இன்னொருவருக்குப் பள்ளிக்கூடம் போகிற மகள்.

தமிழ்நாட்டில் 2020இல் "துப்புரவுப் பணியாளர்" என்ற பெயரைத் "தூய்மைப் பணியாளர்" என்று மாற்றினார்கள். நல்ல விஷயம். பெயர் மாறியது. புத்தகம் மாறவில்லை.

சட்டம் இருக்கிறதா?

எங்களுக்குத் தொழில் சட்டம் ஒரு பேப்பர். அதைப் படிக்கும்போது மதிப்பெண்ணுக்காக உருப்போட்டேன். இப்போது திரும்ப எடுத்துப் பார்த்தால், சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

1958ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று தொழில் நிறுவனங்களில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை நாட்கள் என்று வருடத்துக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை என்கிறது. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் கொடு, இல்லை என்றால் சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை கொடு. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, செய்த 20 நாளுக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்று ஒரு கணக்கை நாட்டுக்கே பழக்கியது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள் 180 நாளாகக் குறைந்திருக்கிறது. இ.எஸ்.ஐ.யில் சேர்த்துச் சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால், உடம்பு சரியில்லாத நாட்களுக்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். அந்தப் பதினோரு நாளுக்கு இது ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

உள்ளாட்சி என்ற பெயரைச் சொல்லியே ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கிறது. டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோல் கூலிகளாகச் சாலை வேலையும் கட்டட வேலையும் பார்த்த பெண்கள் மகப்பேறு விடுப்பு கேட்டார்கள். நிரந்தரப் பெண் ஊழியர்களுக்கு உண்டு, தினக்கூலிக்கு இல்லை என்றது மாநகராட்சி. 2000ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மகளிர் தினம் என்பதைக் கவனியுங்கள். வயிற்றில் குழந்தையோடு மண் சுமக்கிற பெண்ணுக்கு மகப்பேறு சட்டம் பொருந்தும், தினக்கூலி என்பதால் மறுக்க முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 80 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்கிறது சட்டம். 2017 திருத்தத்துக்குப் பிறகு அந்த விடுப்பு 26 வாரம்.

இந்தத் தீர்ப்பு வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. நான் அதற்குப் பிறகு பிறந்தவன். இத்தனைக்கும் என் தோழியின் அம்மாவுக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பெறுநர் யார்?

காண்ட்ராக்டரைக் கேட்டால் "டெண்டர்ல நாள் கூலிதான் போட்டிருக்கு" என்பார். உள்ளாட்சியைக் கேட்டால் "அவங்க எங்க ஆளு இல்ல, காண்ட்ராக்டர் ஆளு" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் காகிதத்தில் சரியாகத்தான் இருக்கும். நடுவில் லீவு மட்டும் காணாமல் போய்விடும்.

எங்கள் ஊர்

எங்கள் செஞ்சியைப் பற்றிச் சொல்லாமல் எப்படி! காணும் பொங்கலன்று எங்கள் கோட்டைக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா? ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று மலையும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்க, அடிவாரத்தில் சுற்று வட்டார ஜனம் பூராவும் கூடியிருக்கும். புளியோதரை, கரும்பு, குழந்தைகள், பலூன். மாதா மாதம் அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகும் கூட்டம் வேறு எங்கள் பேருந்து நிலையத்தை விடியவிடியத் தூங்க விடாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ "மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்" என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், மிச்சம் ஒன்று எங்கள் செஞ்சி. ஊரே பட்டாசு வெடிக்காத குறை. இனிமேல் கூட்டம் கூடத்தான் செய்யும்.

கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பு, சரி. ஆனால் கோட்டைக்கு வருகிறவர் எல்லாரும் கோட்டைக்குள்ளேயே இருந்துவிடுவதில்லையே. திருவண்ணாமலை ரோடு, கடைத்தெரு, பேருந்து நிலையம், கழிப்பறை எல்லாவற்றையும்தான் பயன்படுத்துகிறார்கள். ஊர் முழுக்க லீவு எடுக்கிற நாளுக்கு மறுநாள்தான் தூய்மைப் பணியாளருக்கு வருடத்திலேயே பெரிய வேலை. நம்முடைய லீவு அவர்களுக்கு ஓவர்டைம். இது செஞ்சிக்கு மட்டும் இல்லை. திருவிழா நடக்கிற எந்த ஊருக்கும், எந்தப் பேரூராட்சிக்கும் பொருந்தும். 2022 உள்ளாட்சித் தேர்தல் நேரத்தில் தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன. எத்தனை திருவிழா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்

காமர்ஸ்காரன் கணக்கு இல்லாமல் பேசினால் நன்றாக இருக்காது. இது எந்த ஊரின் உண்மைக் கணக்கும் இல்லை. சுலபமான எண்களாக நானே வைத்துக்கொண்டது.

ஒரு சின்ன ஊர். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் 50 பேர். நாள் கூலி 500 ரூபாய். வாரம் ஆறு நாள் வேலை, வருடத்துக்கு 312 நாள். மொத்தக் கூலி 50 x 500 x 312 = 78 லட்சம்.

20 நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆளுக்கு 15 நாள் சம்பள விடுப்பு கொடுத்தால் 50 x 15 x 500 = 3 லட்சத்து 75 ஆயிரம். ஒன்பது நாள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சம்பளம் 50 x 9 x 500 = 2 லட்சத்து 25 ஆயிரம். இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 6 லட்சம். மொத்தக் கூலியில் எட்டு சதவீதம்கூட வரவில்லை.

இவர்கள் லீவில் போனால் தெருவை யார் கூட்டுவது? 50 பேர், ஆளுக்கு 24 நாள் என்றால் 1,200 ஆள் நாட்கள். ஒருவர் வருடத்துக்குச் சுமார் 300 நாள் வேலை செய்தால் நாலே நாலு மாற்றுப் பணியாளர்கள் போதும். ஊருக்கு நாலு பேர். அந்த ஊரில் 7,000 வீடு என்று வைத்தால், இந்த 6 லட்சம் வீட்டுக்கு மாதம் ஏழு ரூபாய் சொச்சம். இன்றைக்கு ஏழு ரூபாய்க்கு ஒரு டீ கூடக் கிடைக்காது.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன? தொழிலாளி லீவில் இருக்கும் நாளின் சம்பளமும் தொழிலாளர் செலவில் ஒரு பகுதி. அது தனி நஷ்டம் இல்லை, தருமமும் இல்லை. ஒரு பொருளின் அடக்க விலையைக் கணக்கிடும்போது அதைச் சேர்க்காமல் விட்டால் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். ஆனால் தெருவைச் சுத்தமாக வைக்கும் வேலையின் அடக்க விலையில் மட்டும் அதைச் சேர்க்காமல் விட்டால், குறைந்த டெண்டர் என்று கையெழுத்தாகிவிடுகிறது! சேர்க்காமல் விட்ட செலவு மறைந்து போவதில்லை. அது ஒரு வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பெண் அதைக் கட்டுகிறாள்.

சரி, எதிர்க் கேள்விகள்

"லீவு கொடுத்தால் ஏமாற்றுவார்கள்" என்பது முதல் கேள்வி. சில பேர் ஏமாற்றலாம்தான். நம் வகுப்பில் செத்துப்போன தாத்தாவை மூன்று தடவை சாகடித்தவன் இருக்கிறான். அதற்காக யாருக்குமே மெடிக்கல் லீவு கிடையாது என்று கல்லூரி சொல்லியிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? ஏமாற்றுவதைத் தடுக்கக் கணக்கு வை. கணக்கே வைக்காமல் இருப்பது ஏமாற்றைத் தடுக்காது. ரிஜிஸ்டரில் அம்மா பெயர், தெருவில் மகள். அதுவும் பொய்க் கணக்குதானே?

"ஏற்கனவே ஆபீசில் சீட்டில் ஆள் இருப்பதில்லை, இதில் இவர்களுக்கும் லீவா" என்பது இரண்டாவது. இது எங்கள் அப்பாவின் கேள்வி. அவருக்கு அனுபவம் உண்டு. ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு நாலு நாள் அலைந்தார். "அந்த சீட் லீவு" என்ற ஒரே பதில். எனக்கும் அப்போது கோபம்தான். ஆனால் யோசித்தால், அந்தக் கிளார்க் லீவு எடுத்தது தப்பு இல்லை. அவர் லீவில் போனால் அந்த வேலையைப் பார்க்க இன்னொரு ஆளை வைக்காததுதான் தப்பு. மாற்று ஆள் இல்லாத லீவு பொதுஜனத்தின் தலையில் விழுகிறது. லீவே இல்லாத வேலை தொழிலாளியின் குடும்பத்தின் தலையில் விழுகிறது. கிராமத்தில் தண்ணீர் டேங்க் திறந்துவிடுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர் மகனோ மனைவியோ போய் வால்வைத் திறப்பார்கள். மாற்று ஆள் என்றால் வீட்டு ஆள். நாம் அதைப் பொறுப்புணர்ச்சி என்று பாராட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறோம்.

"அவர்களை நிரந்தரம் ஆக்கினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது மூன்றாவது. எனக்கும் அதில் உடன்பாடுதான். 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் பதிமூன்று நாள் உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்டது வேலைப் பாதுகாப்பு. 13ஆம் தேதி நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். நிரந்தரம் என்பது நீண்ட சண்டை. நீதிமன்றம், பட்ஜெட், அரசியல் எல்லாம் அதில் உண்டு. அது முடியும் வரை காய்ச்சல் காத்திருக்குமா? விடுப்பு நிரந்தரத்துக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

நமக்கு இரண்டு புத்தகம் வைத்து ஆண்ட பிரிட்டனையே பாருங்கள். இன்றைக்கு அங்கே வருடத்துக்கு 5.6 வாரம் சம்பள விடுப்பு சட்டப்படி உண்டு. ஏஜென்சி மூலம் வேலைக்கு வருபவருக்கும் உண்டு, வேலை நேரமே நிச்சயம் இல்லாதவருக்கும் உண்டு. அப்படி ஒழுங்கற்ற நேரத்தில் வேலை செய்பவருக்கு 2024 ஏப்ரல் முதல் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில், செய்த வேலை நேரத்தில் 12.07 சதவீதம் விடுப்பாகச் சேரும். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. நீ யார், என்ன பதவி என்று கேட்காமல் எத்தனை மணி நேரம் உழைத்தாய் என்று மட்டும் கேட்கிறது.

நான் கேட்பது

விடுப்பு பதவியோடு வரக்கூடாது, வேலையோடு வர வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்ய எனக்குத் தோன்றும் வழிகள்:

ஒன்று. டெண்டரில் விடுப்புச் சம்பளம், விடுமுறைச் சம்பளம், இ.எஸ்.ஐ இவற்றைத் தனி வரியாகப் போடுங்கள். அந்த வரியில் போட்டியே கூடாது. காண்ட்ராக்டர்கள் தங்கள் லாபத்தில் போட்டி போடட்டும், அந்த அம்மாவின் காய்ச்சலில் வேண்டாம்.

இரண்டு. ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு விடுப்பு அட்டை. 20 நாள் வருகைக்கு ஒரு நாள் வரவு. காண்ட்ராக்டர் மாறினாலும் அட்டை மாறக்கூடாது. பழைய காண்ட்ராக்டரிடம் சேர்த்த லீவு புதியவரிடம் செல்ல வேண்டும். தெரு மாறவில்லையே!

மூன்று. ஊருக்கு நாலோ ஐந்தோ மாற்றுப் பணியாளர்கள், முறையான வேலையாக. பண்டிகை முடிந்த மறுநாளும் அமாவாசை மறுநாளும் பெரிய வேலை முடிந்த பிறகு, முறைவைத்து ஈடுசெய் விடுப்பு.

நான்கு. இதுதான் எனக்கு முக்கியம். பெறுநர் யார் என்று எழுதிப் போடுங்கள். விடுப்பு விண்ணப்பத்தை வாங்கி, கையெழுத்துப் போட்டு, நகல் கொடுக்க வேண்டியவர் செயல் அலுவலர் என்று தெளிவாக இருக்கட்டும். வேலை நடப்பது ஊருக்காக. அப்படியானால் லீவுக்கும் ஊரே பதில் சொல்லட்டும். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஒரு நோட்டீஸ் போர்டு போதும்.

தோழி இப்போது நன்றாகப் படிக்கிறாள். அந்த அரையாண்டில் கணக்குப் பதிவியலில் அவளுக்கு மார்க் குறைந்தது. எங்கள் வாத்தியார் வகுப்பில் வைத்துத் திட்டினார். "லீவு போட்டுட்டு ஊரைச் சுத்தினா இப்படித்தான்." அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஊரைச் சுற்றியது என்னவோ உண்மைதான், கையில் துடைப்பத்தோடு. பொதுத்தேர்வில் சமாளித்துவிட்டாள். ஆனால் அந்தப் பதினோரு நாளை யாரும் அவளுக்குச் சரண்டர் பணமாகத் திருப்பித் தரப் போவதில்லை.

அவள் அம்மா இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார். இன்று வரை ஒரு லீவு லெட்டர் எழுதியதில்லை.

அடுத்த முறை காலையில் உங்கள் தெருவில் வழக்கமாக வருபவருக்குப் பதிலாக ஒரு சின்னப் பெண்ணோ பையனோ குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வந்தால், "அம்மா எங்கே?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு போன் போட்டு, "இவங்க லீவு லெட்டரை யாருக்கு எழுதணும்?" என்று கேளுங்கள். அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நாலு பேர் கேட்டால் அவர் போய் ஈ.ஓ.விடம் கேட்பார்.

டிஸ்கி 1: நிரந்தர ஊழியர்களின் லீவைக் குறைக்க வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஒருவருக்கு இருக்கிறதே என்று பொறாமைப்பட எழுதவில்லை, இன்னொருவருக்கு இல்லையே என்றுதான் எழுதினேன். அரசு ஊழியர்கள் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பில் பாதிப்பேர், அடிக்க வராதீர்கள்!

டிஸ்கி 2: அப்பா இதைப் படித்துவிட்டு, "கணக்கு சரியாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.